பழைய செடானுக்கு ஸ்பீக்கர் வாங்கப் போக முன் அளக்க வேண்டியவை

கல்முனைக்கும் மட்டக்களப்புக்கும் நடுவே ஏ4 வீதியோரம் கொஞ்ச நேரம் நின்றால் கொரொலா 110, 121, நிசான் சன்னி, கரினா, லான்சர் என்று பழைய செடான்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அதுவரை இருந்த காரைத்தான் எல்லோரும் கண்ணும் கருத்துமாகப் பார்த்தார்கள். எஞ்சின் திருத்தினார்கள், பெயின்ட் அடித்தார்கள், டச் செட் (தொடுதிரை ரேடியோ) பூட்டினார்கள். கதவுக்குள் கிடக்கும் ஸ்பீக்கர் மட்டும் பல கார்களில் ஜப்பானில் பூட்டியபடியே கிடக்கிறது.

அது கிழிந்து கரகரக்கத் தொடங்கியதும் நேரே கடைக்குப் போய் "ஆறரை அங்குலத்தில் நல்லதா ஒரு சோடி தாங்க" என்று கேட்பதுதான் வழக்கம். வீட்டுக்கு வந்து கதவைக் கழற்றினால் ஆணித் துளை ஒத்து வராது; அல்லது ஷட்டரை இறக்கும்போது கண்ணாடி ஸ்பீக்கரின் பின்பக்கக் காந்தத்தில் போய் முட்டும்; அல்லது எல்லாம் சரியாகப் பூட்டியும் பழையதில் இருந்த பேஸ் (அடி ஒலி) கூட இராது. கதவைத் திறந்து பார்க்காமல் பெட்டியை வாங்கினால் இந்த மூன்றில் ஒன்று நிச்சயம். ஆகவே கதவில் இருந்தே தொடங்குவோம்.

பிழை ஸ்பீக்கரில்தானா?

ரேடியோ செட்டில் இடம்-வலம் மாற்றும் பலன்ஸையும் முன்-பின் மாற்றும் ஃபேடரையும் திருப்பி நான்கு மூலைகளையும் தனித்தனியாகக் கேளுங்கள். பாட்டை விடச் செய்தி வாசிப்பு நல்லது. மனிதக் குரல் எப்படி இருக்கும் என்று காதுக்குத் தெரியும், பிழை உடனே பிடிபடும்.

எஃப்எம்மில் மட்டும் இரைச்சல் வந்து, போனிலோ பென் டிரைவிலோ இருந்து பாடும்போது சுத்தமாக இருந்தால் ஸ்பீக்கரைத் தொட வேண்டாம். ஜப்பான் செட்கள் 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரைதான் பிடிக்கும். நமது வானொலிகள் 87.5 முதல் 108 வரை. அதற்காக அன்டெனா வயரில் ஒரு சின்னப் பெட்டி செருகியிருப்பார்கள். அந்தப் பெட்டி மலிவானதாகவோ அதன் எர்த் சரியில்லாமலோ இருந்தால் இரைச்சல் அங்கிருந்துதான் வரும்.

ஒரு கதவு மட்டும் விட்டு விட்டுப் பாடுகிறதா? பாட்டை ஓடவிட்டு அந்தக் கதவை மெதுவாகத் திறந்து மூடுங்கள். திறக்கும்போது நின்று மூடும்போது வந்தால், கதவுக்கும் காரின் உடலுக்கும் நடுவில் உள்ள கறுப்பு றப்பர் குழாய்க்குள் வயர் முறிந்திருக்கிறது. இருபது வருடம் மடங்கி நிமிர்ந்த வயர் அது. றப்பரை ஒரு பக்கம் இழுத்து, முறிந்த இடத்தை இணைத்தால் காணும்.

நான்கும் ஒரே அளவு சத்தத்தில் ஒன்றாகக் கரகரத்தால் குற்றவாளி செட். ஒன்றோ இரண்டோ மட்டும் எந்த அளவிலும் கரகரத்தால்தான் ஸ்பீக்கர்.

ஸ்பீக்கரைக் கழற்றிய பிறகு இன்னொரு சோதனை. சுவர்க் கடிகாரத்தில் இருக்கும் 1.5 வோல்ட் பற்றரி ஒன்றும் இரண்டு துண்டு வயரும் எடுங்கள். பற்றரியின் இரு முனைகளையும் ஸ்பீக்கரில் வயர் இணைக்கும் இரு டெர்மினல்களிலும் ஒரு கணம் தொட்டு எடுங்கள். "டப்" என்று ஒரு சத்தம் வந்து கூம்பு அசைய வேண்டும். பற்றரியின் பிளஸ், ஸ்பீக்கரின் பிளஸில் பட்டால் கூம்பு வெளியே, உங்களை நோக்கி வரும். மாறினால் உள்ளே போகும். எது பிளஸ் என்று எழுதாத பழைய ஸ்பீக்கரிலும் வயரிலும் அடையாளம் கண்டுபிடிக்க இதுதான் வழி. தொட்டபடியே வைத்திருக்க வேண்டாம், கூம்பை அசைக்கும் கம்பிச் சுருளான கொயில் சூடேறும். பிறகு இரு கைப் பெருவிரல்களாலும் கூம்பைச் சமமாக மெல்ல அமுக்கி விடுங்கள். உள்ளே உரசும் சத்தம் கேட்டால் கொயில் இடைவெளிக்குள் கறல் தூள் போயிருக்கிறது; அது திருந்தாது. உரசல் இல்லாமல், கூம்பில் இருந்து டெர்மினலுக்கு வரும் பின்னல் கம்பி மட்டும் அறுந்திருந்தால் ஈயம் வைத்து ஒட்டலாம். புதிது வாங்கத் தேவையில்லை.

கதவின் உட்பேனலைக் கழற்றுதல்

வேண்டிய சாமான்: நட்சத்திர ஸ்குருட்ரைவர், 10 மி.மீ. சொக்கட், அகலமான பிளாஸ்டிக் கரண்டி அல்லது பேனல் கழற்றும் நெம்புகோல், மல்டிமீட்டர், அடிமட்டம், கொஞ்சம் கடதாசி மட்டை. கூடவே அந்தக் காருக்குரிய டோர் கிளிப் பத்து. பழைய பிளாஸ்டிக் கிளிப் வெயிலில் காய்ந்து பிஸ்கட் போல இருக்கும், ஒரு கதவில் இரண்டு மூன்று உடையும். உடைந்ததோடு பூட்டினால் பேஸ் அடிக்கும்போதெல்லாம் கதவு கடகடக்கும், புது ஸ்பீக்கரைத்தான் குறை சொல்வீர்கள்.

ஸ்குரு வழக்கமாக மூன்று இடங்களில் இருக்கும்: உட்கைபிடிக்குப் பின்னால் ஒன்று, கை வைக்கும் பிடியின் குழிக்குள் ஒன்றிரண்டு, சில கார்களில் பேனலின் ஓரத்தில் ஒன்று. கண்ணாடி மூலையில் இருக்கும் முக்கோண மூடியையும் கழற்ற வேண்டும். கையால் சுற்றும் ஷட்டர் என்றால், பிடிக்கும் பேனலுக்கும் நடுவே ஒரு பழைய துணியை நுழைத்து, சப்பாத்துப் பொலிஷ் போடுவது போல இரு பக்கமும் இழுத்தால் உள்ளே உள்ள கம்பிக் கிளிப் "டிக்" என்று வெளியே பாயும். எங்கே பாய்கிறது என்று கவனித்துக்கொள்ளுங்கள். பிறகு பேனலின் கீழ் ஓரத்தில் தொடங்கி ஒவ்வொரு கிளிப்புக்கும் பக்கத்தில் நெம்பி விடுவித்து, கடைசியில் முழுப் பேனலையும் மேல்நோக்கித் தூக்கி எடுக்க வேண்டும். பவர் ஷட்டர் சுவிட்சின் வயர் தொங்கும். அதைக் கழற்றும் வரை பேனலை இழுக்க வேண்டாம்.

உள்ளே கறுப்புப் பசையால் ஒட்டிய பிளாஸ்டிக் தாள் ஒன்று இருக்கும். அதைக் கிழித்து எறிவதுதான் நமது ஊரில் கதவுகளுக்குச் செய்யும் மிகப் பெரிய அநியாயம். கதவின் வெளித்தகட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே மழைத்தண்ணீர் இறங்குவது இயல்பு. அதைக் காருக்குள் விடாமல் கீழே உள்ள வடிகால் துளைக்கு அனுப்புவது இந்தத் தாள்தான். பசையைக் கத்தியால் மெல்ல அறுத்து, வேண்டிய அளவு மட்டும் மடித்து விடுங்கள்.

ஸ்பீக்கர் மூன்று நான்கு ஸ்குருவில் நிற்கும், சில கார்களில் ரிவெட்டில் நிற்கும். ரிவெட் என்றால் அதன் தலையை மட்டும் துரப்பணத்தால் எடுங்கள். இரும்புத் தூள் புது ஸ்பீக்கரின் காந்தத்தில் ஒட்டினால் வாழ்நாள் முழுக்க உரசும், ஆகவே இந்த வேலை முடிந்து துடைக்கும் வரை புதுப் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். துளையிட்ட இடத்தில் கொஞ்சம் பெயின்ட் தடவுங்கள். கல்லடி, காத்தான்குடி, சாய்ந்தமருதுக் காற்றில் வெறும் இரும்பு ஒரு மாரிக்குள் கறல் பிடித்துவிடும்.

நான்கு அளவுகள்

ஜப்பான் கார் ஸ்பீக்கர் பெரும்பாலும் ஒரு பெரிய பிளாஸ்டிக் சட்டத்தோடு சேர்ந்து வரும். சட்டத்தைப் பார்த்து அளவு சொல்ல முடியாது. கூம்பு சிறியதாகவும் துளை பெரியதாகவும் இருக்கும். பெட்டியில் 16 செ.மீ., 17 செ.மீ., ஆறரை அங்குலம் என்று எழுதியிருப்பதெல்லாம் ஏறத்தாழ ஒரே வகைதான், ஆனால் சட்டத்தின் வடிவமும் ஆணித் துளைகளும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆகவே அளக்க வேண்டியது இவை.

ஒன்று, கதவுத் தகட்டில் உள்ள துளையின் விட்டம். இரண்டு, ஆணித் துளைகளின் இடைவெளி. இந்த இரண்டையும் மட்டையில் வரைந்து வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் எண்ணைச் சொல்வதை விட மட்டையை வைத்துப் பார்ப்பது பிழைக்காது.

மூன்றாவது ஆழம். இதில்தான் அதிகம் பேர் தோற்கிறார்கள். ஷட்டரை முழுக்க இறக்கிவிட்டு, தகட்டின் முகத்தில் இருந்து கண்ணாடி வரை அளக்க வேண்டும். கண்ணாடியைத் தூக்கும் இரும்புக் கை நடுவழியில் ஸ்பீக்கர் துளைக்குப் பின்னால் வந்து போகலாம். மெல்ல ஏற்றி இறக்கி அதையும் பாருங்கள்.

நான்காவது முன்பக்க இடைவெளி: தகட்டில் இருந்து பேனலின் வலைக்கு உள்பக்கம் வரை. கண்ணால் பார்க்க முடியாத அளவு இது. ரொட்டிக்குப் பிசைந்த மாவில் ஒரு தேசிக்காய் அளவு எடுத்து லஞ்ச் ஷீட்டில் சுற்றி, துளையின் ஓரத்தில் ஒட்டிவிட்டுப் பேனலை அதன் இடத்தில் வைத்து அமுக்குங்கள். எடுத்துப் பார்த்தால் மா எவ்வளவு தடிப்புக்கு நசுங்கி நிற்கிறதோ அதுதான் இடைவெளி.

கணக்கு இப்படி வரும். தகட்டில் இருந்து கண்ணாடிக்கு 52 மி.மீ., முன்னால் 28 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். தகட்டுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் 15 மி.மீ. தடிப்பான வளையம் போட்டால் பின்னால் 67 மி.மீ. கிடைக்கும். கிறவல் ரோட்டில் கதவு அதிரும்போது கண்ணாடியும் ஆடும் என்பதால் 5 மி.மீ. விட்டுவிடுங்கள், பெட்டியில் எழுதிய ஆழம் 62 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. முன்பக்கம் 28-இல் 15 போக 13 மி.மீ. மிச்சம். ஸ்பீக்கரின் விளிம்பும், நடுவில் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ட்வீட்டரும் (கூர்மையான ஒலி தரும் சின்ன ஸ்பீக்கர்) அதற்குள் அடங்க வேண்டும். ட்வீட்டர் வலையில் முட்டினால் பேனல் பூட்டவே பூட்டாது.

பின்கண்ணாடிக்குக் கீழே உள்ள தட்டில் 6×9 அங்குல நீள்வட்ட ஸ்பீக்கர் பூட்ட நினைப்பவர்கள் டிக்கிக்குள் தலையை விட்டுப் பாருங்கள். டிக்கி மூடியைத் தூக்கும் முறுக்குக் கம்பிகள் பல செடான்களில் அந்தத் தட்டுக்குக் கீழே குறுக்கே ஓடும். பெரிய காந்தம் அதில் பட்டால் டிக்கியைத் திறக்கும்போது உராயும்.

பெட்டியில் உள்ள எழுத்து

"மேக்ஸ் 300 வாட்ஸ்" என்று பெரிதாக அச்சடித்திருப்பதைக் கையால் மறைத்துவிட்டு மிச்சத்தை வாசியுங்கள். வேண்டியது ஆர்எம்எஸ் அல்லது நொமினல் வாட்ஸ் (தொடர்ந்து தாங்கும் அளவு), ஓம் (மின்தடை), சென்சிட்டிவிட்டி, ஆழம்.

செட்டில் "50 வாட்ஸ் × 4" என்று இருந்தாலும் அது அவ்வளவு கொடுக்காது. எஞ்சின் ஓடும்போது பற்றரி 14.4 வோல்ட். அந்த வோல்ட்டில் 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சுத்தமாகப் போகக்கூடியது ஏட்டுக் கணக்கில் கூட 26 வாட்ஸ்தான். நடைமுறையில் 15 முதல் 20. அநேகமாக எந்தக் கம்பெனி செட்டுக்கும், தனி அம்பிளிஃபயர் இல்லாவிட்டால் இதுதான் எல்லை. ஆகவே 30 முதல் 60 வாட்ஸ் ஆர்எம்எஸ் தாங்கும் ஸ்பீக்கர் போதும். 100 வாட்ஸ் ஆர்எம்எஸ் கேட்கும் கனத்த ஸ்பீக்கரை வெறும் செட்டில் பூட்டினால் அது தூங்கும்.

உண்மையில் சத்தத்தைத் தீர்மானிப்பது சென்சிட்டிவிட்டி. ஒரு வாட் கொடுத்து ஒரு மீற்றர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபெல் என்பதே அந்த எண். 3 டெசிபெல் கூடினால், பாதி வாட்ஸில் அதே சத்தம். 18 வாட்ஸில் 92 டெசிபெல் ஸ்பீக்கர் தரும் சத்தத்தை 87 டெசிபெல் ஸ்பீக்கரில் எடுக்க 57 வாட்ஸ் வேண்டும். செட்டில் அது இல்லை. அம்பிளிஃபயர் போடாதவர்கள் 90-க்குக் குறைந்ததை எடுக்க வேண்டாம். இதிலும் ஒரு தந்திரம் உண்டு: சில பெட்டிகளில் "1 வாட்" என்பதற்குப் பதில் "2.83 வோல்ட்" என்று இருக்கும். 4 ஓமில் 2.83 வோல்ட் என்பது 2 வாட்ஸ். அந்த எண்ணில் 3-ஐக் கழித்த பிறகே மற்றதோடு ஒப்பிடுங்கள்.

ஓம் 4 ஆக இருக்கட்டும். மீட்டரில் அளந்தால் 4 ஓம் ஸ்பீக்கர் 3.2 முதல் 3.8 வரை காட்டும், அது சரியானதுதான். 2 ஓம் ஸ்பீக்கர் அதிகச் சத்தம் போடும், ஆனால் 4 ஓமுக்கென்று செய்த செட்டுக்குள் ஒலியைப் பெருக்கும் ஐசி சூடேறிக் கருகும்.

உப்பும் மாரியும் தூசியும்

கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் நல்லதென்று விற்கும் எல்லாமே கிழக்குக்குப் பொருந்தாது. இங்கே ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. ஒக்டோபர் தொடங்கித் தை வரை மாரி. கச்சான் வீசும் மாதங்களில் காய்ந்த தூசு. அம்பாறைப் பக்கம் சூடடிக்கும் காலத்தில் பதர்.

ஸ்பீக்கரின் ஓரத்தில் கூம்பைப் பிடித்திருக்கும் வளையம் நுரைப் பஞ்சாக இருந்தால் ஒதுக்குங்கள். வெப்பத்திலும் ஈரத்திலும் அது சில வருடங்களில் விரலில் ஒட்டும் தூளாகிவிடும். றப்பர் வளையம் வேண்டும். கூம்பு பொலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக் என்றால் கதவுக்கு நல்லது. கடதாசிக் கூம்பின் சத்தம் இனிமையானது என்பது உண்மை, ஆனால் மேலே பூச்சு இல்லாத கடதாசி நமது கதவுக்குள் ஊறி ஊதும். டெர்மினல் தகடு பளபளவென்று பூச்சோடு இருக்க வேண்டும்; சட்டத்தின் பின்பக்கப் பெயின்டில் வெட்டு விழுந்திருக்கக் கூடாது, கறல் அங்கேதான் தொடங்கும்.

பின்தட்டில் விழும் வெயில் கூம்பை வெளிறவைத்து வளையத்தைக் காயவைக்கும். அங்கே பூட்டினால் துணி மூடிய வலையோடு பூட்டுங்கள்.

முன்னா, பின்னா?

ஒரு சோடிக்குத்தான் காசு என்றால் முன்கதவு. நான்கு மலிவு ஸ்பீக்கரை விட முன்னால் இரண்டு நல்லது கேட்க நன்றாக இருக்கும், பின்னால் பழையதையே சத்தம் குறைத்து விடலாம். பின்னால் பிள்ளைகளும் அம்மம்மாவும் இருக்கும் குடும்பக் காரில் 6×9 போட்டு அலறவிடுவதில் அர்த்தமில்லை. அவர்கள் காதுக்கு ஓரடி தள்ளித்தான் அது இருக்கிறது.

கூம்பும் ட்வீட்டரும் ஒன்றாக இருக்கும் கோஆக்ஸியல் பெரும்பாலான கார்களுக்குப் போதும். டாஷ்போட் மூலையிலோ கண்ணாடி முக்கோணத்திலோ ஏற்கெனவே தனி ட்வீட்டர் இருந்தால் நின்று யோசியுங்கள். அது கதவு ஸ்பீக்கரின் அதே வயரில்தான் தொங்குகிறது. அதை விட்டுவிட்டுக் கதவில் கோஆக்ஸியல் பூட்டினால், கூர்மையான ஒலியில் இரண்டு ட்வீட்டரும் சேர்ந்து செட்டுக்கு 2 ஓம் அளவில் சுமை கொடுக்கும், காதிலும் "ஸ்" எல்லாம் கத்தியாகக் குத்தும். ஒன்றில் பழைய ட்வீட்டரின் வயரைக் கழற்றிவிடுங்கள், அல்லது ட்வீட்டரும், ஒலியைப் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவரும் தனியாக வரும் கொம்பொனன்ட் செட் வாங்கி அந்த இடத்திலேயே புது ட்வீட்டரைப் பூட்டுங்கள். காது மட்டத்துக்குக் கிட்ட ட்வீட்டர் இருப்பதால் குரல் முழங்காலில் இருந்து வராமல் முன்னால் இருந்து வரும். காசு இருந்தால் இதுவே சிறந்தது.

மூன்று வழி, நான்கு வழி என்று கூம்பின் மேல் சின்னச் சின்ன வட்டங்கள் கூடுவதால் மட்டும் சத்தம் தெளிவாகாது. ஒழுங்கான இரண்டு வழி போதும்.

போலியைக் கண்டுபிடிக்க

பெயர்பெற்ற கம்பெனிகளின் பெயரில் போலி தாராளமாகக் கிடைக்கிறது. பெட்டியின் அச்சு இப்போது அசலை விட அழகு, ஆகவே பெட்டியைப் பார்த்துப் பயனில்லை. கம்பெனியின் இணையப் பக்கத்தில் அந்த மாடலின் எடை போட்டிருந்தால் கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். காந்தத்துக்கு மேல் போட்ட றப்பர் மூடியை விரலால் அமுக்குங்கள்; சில போலிகளில் பெரிய மூடிக்குள் சின்னக் காந்தம் இருக்கும், மூடி பொத்தென்று உள்ளே போகும். டெர்மினலில் பிளஸ் தகடு அகலமாகவும் மைனஸ் ஒடுக்கமாகவும் இருப்பது வழக்கம். இரண்டும் ஒரே அகலம், அடையாளமும் இல்லை என்றால் சந்தேகப்படுங்கள். ஆர்எம்எஸ் எங்குமே எழுதாத பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பாவித்த ஜப்பான் ஸ்பீக்கர் கிடைத்தால் வெறுக்க வேண்டாம். பற்றரிச் சோதனையில் உரசாமல் இருந்து, வளையம் றப்பராக இருந்தால், அதே விலையில் வரும் போலியை விட அது எத்தனையோ மேல்.

பூட்டுதல்

முதலில் வடிகால். கதவின் அடிவிளிம்பில் இரண்டு மூன்று சிறு துளைகள் இருக்கும். ஒரு தென்னை ஈர்க்கை விட்டுக் குத்தி மண்ணை எடுத்துவிட்டு, கண்ணாடி இடுக்கில் ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றுங்கள். கீழே உடனே வழிந்தால் சரி.

அடுத்தது தகட்டுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் போடும் வளையம். பழைய ஸ்பீக்கரின் அளவுக்குச் செய்த பிளாஸ்டிக் வளையம் கடையில் கிடைத்தால் அதுவே வசதி. கிடைக்காவிட்டால் மரக்கறி வெட்டும் தடித்த வெள்ளைப் பிளாஸ்டிக் பலகையை ஜிக்சோவால் வெட்டிச் செய்யலாம். தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது. மரத்தூளை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை வேண்டாம். ஒரே மாரியில் தோசை போல ஊதி, ஆணி பிடிக்காமல் போகும். கட்டாயம் பலகைதான் என்றால் பிளைவுட் எடுத்து, வெட்டிய ஓரம் உட்பட மூன்று முறை பெயின்ட் அடியுங்கள். ஸ்குரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும்.

தகட்டுக்கும் வளையத்துக்கும் நடுவிலும், வளையத்துக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவிலும் தண்ணீர் குடிக்காத நுரை நாடா ஒட்டுங்கள். கூம்பு முன்னே வரும்போது பின்பக்கக் காற்று நேர்மாறாக அசைகிறது. இடுக்கு வழியாக இரண்டும் சந்தித்தால் பேஸ் ஒன்றையொன்று தின்றுவிடும். புது ஸ்பீக்கரில் பேஸ் இல்லை என்ற முறைப்பாட்டுக்கு முதல் காரணம் இந்த இடுக்கு. இரண்டாவது காரணம், கதவில் உள்ள மற்றப் பெரிய துளைகள் மூடப்படாமல் இருப்பது. பிளாஸ்டிக் தாளைத் திரும்ப ஒட்டினாலே பாதி வேலை முடியும். வெளித்தகட்டை முட்டியால் தட்டிப் பாருங்கள். தகரம் போலக் கணகணத்தால், ஸ்பீக்கருக்கு நேர் பின்னால் உள்ள பகுதியில் அதிர்வைக் குறைக்கும் பியூட்டைல் றப்பர்த் தாள் ஒட்டலாம். தகட்டில் கால்வாசி மூடினால் காணும். மெத்தைப் பஞ்சை உள்ளே அடைக்க வேண்டாம், அது தண்ணீரைக் குடித்துக் கதவைக் கறலாக்கும்.

ஸ்பீக்கரின் பின்புறம் மேல் பாதிக்கு ஒரு குடை வேண்டும். ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலை நீளவாக்கில் வெட்டினால் வரும் வளைந்த பிளாஸ்டிக் அளவாக இருக்கும். பியூட்டைல் பசையால் மேல்விளிம்பில் ஒட்டுங்கள், கீழ்ப்பக்கம் திறந்தே இருக்கட்டும். ஷட்டரை இறக்கிக் கண்ணாடி அதில் படவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். சிலிக்கன் பாவித்தால் புளி மணம் அடிக்காத வகை. வினாகிரி மணம் வருவது அசற்றிக் அமிலம், அது இரும்பையும் செம்பையும் அரிக்கும்.

காரின் வயரை வெட்ட வேண்டாம். பழைய ஸ்பீக்கரின் பக்கத்தில் இருக்கும் சொக்கட்டைக் கொஞ்ச வயரோடு வெட்டி எடுத்து, அதைப் புது ஸ்பீக்கருக்கு ஈயம் வைத்து ஒட்டி, சுருங்கு குழாய் போட்டு மூடினால் காரின் வயர் அப்படியே இருக்கும். செட்டில் இருந்து வரும் பழைய வயரே 20 வாட்ஸுக்குப் போதும். தடித்த வயர் இழுத்தாலும் காதுக்கு வித்தியாசம் தெரியாது.

நிறத்தை நம்பி ஏமாற வேண்டாம். புதுச் செட்களின் வயரில் வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது; கறுப்புக் கோடு போட்டது மைனஸ். ஆனால் பழைய டொயோட்டாக்களில் பின் இடது ஸ்பீக்கரின் கறுப்பு வயர்தான் பிளஸ், மஞ்சள் மைனஸ். பின் வலதில் சிவப்பு பிளஸ், வெள்ளை மைனஸ். கறுப்பு என்றதும் எர்த் என்று உடலில் கொடுத்தால் செட் போய்விடும். இன்றைய செட்டில் எந்த ஸ்பீக்கர் வயரும் உடலில் படக் கூடாது. மிகப் பழைய சில கார்களில் மைனஸை உடலில் கொடுத்திருப்பார்கள். அவற்றுக்குத் தனி வயர் இழுத்தே ஆகவேண்டும். செட்டைக் கழற்றப் பற்றரியை எடுப்பதானால், அசல் ஹொண்டா செட் உள்ளவர்கள் கோட் எண் கையில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் திரும்ப உயிர் வராது.

பேனலை மூட முன் பாட்டுப் போட்டுக் கேளுங்கள். பலன்ஸை நடுவில் வைத்துக் குரல் கேட்டால் அது டாஷ்போட்டின் நடுப்பக்கமாக வர வேண்டும். எங்கிருந்து வருகிறதென்றே தெரியாமல் தலையைச் சுற்றி மிதந்தால், பேஸும் மெலிந்திருந்தால், ஒரு பக்கம் பிளஸ்-மைனஸ் மாறியிருக்கிறது. ஒரு பக்க வயரை மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். பேஸ் கூடும் பக்கம்தான் சரி.

செட்டில் ஹைபாஸ் (குறிப்பிட்ட அளவுக்குக் கீழான அடி ஒலியைத் தடுக்கும் வசதி) இருந்தால் ஆறரை அங்குலத்துக்கு 80 ஹேர்ட்ஸ், நான்கு, ஐந்து அங்குலத்துக்கு 100 முதல் 125. பேஸ் பூஸ்ட், லவுட்னஸ் இரண்டையும் நிறுத்துங்கள். செட்டை முக்கால்வாசிக்கு மேல் திருப்பும்போது கரகரப்புத் தொடங்கும் இடத்தைக் கவனித்து, அதற்கு இரண்டு புள்ளி குறைவாக நிறுத்தப் பழகுங்கள். ட்வீட்டர் எரிவது பெரும்பாலும் செட் மூச்சுமுட்டி அனுப்பும் அந்தக் கரகரப்பால்தான்.

ஒரு கிழமை ஓடிய பிறகு ஸ்குருக்களைக் கால் சுற்று இறுக்குங்கள். நுரை நாடா அமர்ந்து கொஞ்சம் இளகியிருக்கும். மாரியின் முதல் பெருமழை விட்டதும் கதவுக்குக் கீழே உள்ள கார்ப்பெட்டைக் கையால் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் பிளாஸ்டிக் தாள் எங்கோ விட்டிருக்கிறது. பெரும்பாலும் கீழ் மூலை. பேனலைக் கழற்றி அந்த இடத்தை மட்டும் துடைத்துக் காயவைத்துப் புதுப் பசை போட்டு அமுக்குங்கள், கையிருப்பில் இருக்கும் கிளிப் அப்போது உதவும்.